பேட்டரியை மாற்றும் முன் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பத்து நாள் கழித்து ஒரு தாயாரை ஜிப்மருக்கு அழைத்துப் போக அதிகாலையில் நம் டிரஸ்ட் காரை எடுத்தால், ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டோம். நான்கே நாளில் அதுவும் இறங்கியது. அதன் பிறகுதான் முன்சீட்டுக் கார்பெட்டைத் தூக்கினோம். அடியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. அமானிதமாக வந்த பணம் வீணானது என் கவனக்குறைவால்தான். உங்களுக்கு அது நேரக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

தண்ணீர் என்ன செய்கிறது?

காரின் ஒயர்க் கட்டுகள் பெரும்பாலும் தரையோரமாகவே செல்கின்றன. கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைக்கும். கனெக்டர் பின்களில் பச்சை பூக்கும். வண்டி நிற்கும்போதும் கரண்ட் கசிந்து, இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கும். சென்ட்ரல் லாக் தானாகத் திறப்பது, ஹாரன் தானாக அடிப்பது, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்து வந்து போவது, உள்கண்ணாடியில் பனி படிவது, பூஞ்சை வாடை ஆகியவை அடையாளங்கள்.

எந்த வழியாக வருகிறது?

ஏசி போட்டால் மட்டும் முன்பக்கம் ஈரமானால், ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கும். ஈரம் பிசுபிசுவென்று இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட். மழை பெய்தால் மட்டும் நனைந்தால் இவற்றைப் பாருங்கள்:

1. வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடி. நம் வட்டங்களில் மர நிழலில்தான் வண்டி நிற்கிறது. சருகும் தூசியும் சேர்ந்து அங்குள்ள வடிகாலை அடைத்துவிடும்.
2. சன்ரூஃப் இருந்தால், அதன் மூலைகளில் உள்ள வடிகுழாய்கள்.
3. கதவு ரப்பர் பீடிங், கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்.
4. பின்விளக்கு ரப்பர். இது கசிந்தால் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நிற்கும்.

ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் குழாயில் மெதுவாக, கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக ஐந்து நிமிடம் தண்ணீர் விடட்டும். வழி தெரிந்துவிடும்.

பிறகு செய்ய வேண்டியவை

முதலில் கசிவை அடையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கார்பெட்டையும் பஞ்சையும் நன்றாக வெயிலில் காய வையுங்கள். பச்சை பூத்த கனெக்டரைக் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடைக்கலாம். மஞ்சள் நிறக் கனெக்டரைத் தொடாதீர்கள். அது ஏர்பேக்குக்கு உரியது. ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். கூடுதல் ஆம்பியரோ கம்பியோ போட்டால் தீப்பிடிக்கும்.

முழு சார்ஜில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். பூட்டி நிறுத்திய காரில் கசியும் கரண்ட் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். இதை எலக்ட்ரீஷியனிடம் அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் புதுப் பேட்டரி வாங்காதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உடைந்துவிடும். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இல்லாவிட்டால், அந்தச் செலவை இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது. படம் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதற்கு ஒதுக்குங்கள். அவசர நேரத்தில் ஒரு நோயாளியைச் சுமக்க வேண்டிய வண்டி அது. இன்ஷா அல்லாஹ், அந்த நேரத்தில் அது கைவிடாது.