இரண்டாம் தவணை எப்போது?

வங்கிப் பணியில் இருப்போருக்குத் ‘தவணை’ என்னும் சொல் புதிதன்று. கடன் தவணை, வைப்புத் தவணை என்று நாள்தோறும் அச்சொல்லோடுதான் எங்கள் வாழ்க்கை. 2021ஆம் ஆண்டில் அதே சொல் வேறொரு பொருளோடு எங்கள் கிளைக்குள் நுழைந்தது. கோவிட் தடுப்பூசியின் முதல் தவணை, இரண்டாம் தவணை என்று நாடெங்கும் மக்கள் பேசிக்கொண்ட காலம் அது.

அவ்வாண்டு மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில், ஓய்வூதியம் பெறும் முதிய வாடிக்கையாளர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் வந்தார். மார்ச் கடைசி வாரத்தில் கோவிஷீல்டு முதல் தவணையைச் செலுத்திக்கொண்டவர். இணையத்திலிருந்து அச்சிட்டு எடுத்த அந்தத் தாளில், இரண்டாம் தவணைக்கான இடைவெளி 6 முதல் 8 வாரம் என்றிருந்தது. அதை நம்பி எட்டாம் வாரத்தில் மையத்துக்குச் சென்றவரை, 12 வாரம் நிறைவடையவில்லை என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். “இந்தத் தாள் பொய்யா சார், இல்லை அவர்கள் சொன்னது பொய்யா?” என்று கேட்டார். காலம் கடந்துவிட்டால் முதல் ஊசியும் வீணாகிவிடுமோ என்ற அச்சம் அவர் முகத்தில் தெரிந்தது.

உண்மையில் இரண்டுமே பொய்யல்ல. தொடக்கத்தில் 4 முதல் 6 வாரமாக இருந்த இடைவெளி, மார்ச் 22 அன்று 6 முதல் 8 வாரமாக மாற்றப்பட்டது. மே 13 அன்று அது 12 முதல் 16 வாரமாக நீட்டிக்கப்பட்டது. புதிய சான்றுகள் கிடைக்கும்போது அறிவுரை மாறுவது மருத்துவத்தில் இயல்பு. அவர் கையிலிருந்த தாளின் குறை வேறு. அது எந்த நாளில் எழுதப்பட்டது என்ற குறிப்பு அதில் எங்குமே இல்லை. வைப்புத்தொகைக்கான வட்டி விகிதப் பட்டியலை, நடைமுறைக்கு வரும் நாளைக் குறிப்பிடாமல் ஒரு வங்கி வெளியிட்டால் வாடிக்கையாளர் ஏற்பாரா? உடல்நலம் குறித்த செய்திக்கு அந்த நாள் இன்னும் இன்றியமையாதது.

தகவலின் தரம் என்பதில், அது சரியாக இருப்பதோடு, படிப்பவருக்குப் புரிவதும் அடங்கும். கோவின் தளம் 2021 ஜனவரியில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஆங்கிலத்தையே நம்பியிருந்தது. மே 31ஆம் நாளிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றம், இணைய வசதி உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான இடைவெளியைச் சுட்டிக்காட்டியதோடு, வட்டார மொழிகளில் அத்தளம் கிடைக்காததையும் எடுத்துக்காட்டியது. ஜூன் தொடக்கத்தில் இந்தியுடன் பிற மொழிகள் சேர்க்கப்பட்டன. முதற்பட்டியலில் இடம்பெறாத தமிழ், தமிழ்நாட்டின் கோரிக்கைக்குப் பின் இணைக்கப்பட்டது.

மொழி கிடைத்துவிட்டால் மட்டும் புரிந்துவிடுமா? ‘தடுப்பூசிக்குப் பிந்தைய பாதகமான நிகழ்வுகள்’ என்பதும் தமிழ்தான். ‘ஊசி போட்ட பின் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?’ என்பதும் தமிழ்தான். காய்ச்சலில் முனகும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் எதைத் தேடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘பென்டாவேலன்ட்’ என்று மட்டும் எழுதினால் பெற்றோருக்கு எதுவும் விளங்காது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் கிருமியால் வரும் நோய்கள் ஆகிய ஐந்தையும் தடுக்கும் ஊசி என்று ஒரு வரி சேர்த்தால், 6, 10, 14 ஆகிய வாரங்களில் அதை ஏன் தவறவிடக்கூடாது என்பது தானே விளங்கும்.

எளிமையை அளப்பதற்கு ஆங்கிலத்தில் சூத்திரங்கள் உண்டு. ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வகுத்த முறை, வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லின் அசை எண்ணிக்கையையும் கொண்டு மதிப்பெண் இடுகிறது. நோயாளிகளுக்கான எழுத்து ஆறாம் வகுப்பு மாணவர் படிக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. அந்தச் சூத்திரத்தை அப்படியே தமிழுக்குப் பொருத்த இயலாது. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ‘வீட்டிலிருந்தவர்களுக்கும்’ போன்ற நீண்ட சொல்லும் நமக்கு எளிதே. தமிழில் நம்பத்தக்க சோதனை ஒன்றுதான்: எழுதியதை ஒரு பொதுவாசகரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, ‘இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பது.

வங்கித் துறையும் இப்பாடத்தைக் கற்றே வந்திருக்கிறது. சில்லறைக் கடன்களுக்கும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் கடன்களுக்கும் 2024 அக்டோபர் 1 முதல் முக்கிய விவர அறிக்கை ஒன்றை, கடன் பெறுவோர் புரிந்துகொள்ளும் மொழியில் அளிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பல பக்க ஒப்பந்தத்தின் சாரத்தை எளிய வடிவில் சொல்ல முடியுமானால், தடுப்பூசிச் செய்தியையும் அவ்வாறே சொல்ல முடியும்.

தடுப்பூசி பற்றிய பக்கத்தைப் படிக்கும்போது வாடிக்கையாளர்கள் சிலவற்றைக் கவனிக்கலாம். தளத்தின் முகவரி கவ்.இன் அல்லது நிக்.இன் என முடிகிறதா? கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாள் உள்ளதா? எந்த வயதினருக்கான செய்தி அது? ஐயம் தோன்றினால் யாரை அணுகுவது என்று சொல்லியிருக்கிறதா? 2021இல் தடுப்பூசிப் பதிவு என்ற பெயரில் போலிச் செயலிகளின் இணைப்புகள் குறுஞ்செய்தியாக உலவின. ஆகவே, குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கணக்கு விவரத்தையோ வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்கும் எந்தப் பக்கமும் தடுப்பூசிக்கானதன்று. இணையத்தில் தெளிவு கிடைக்காவிடில், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அன்று அந்தப் பெரியவரின் தாளைத் திருப்பி, முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 84 நாள்களை எண்ணி ஒரு தேதியை எழுதினேன். ‘இந்நாளுக்குப் பிறகு செல்லவும், செல்லுமுன் மையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளவும்’ என்று அதன்கீழ் எழுதி, அன்றைய தேதியையும் இட்டேன். அவர் அதை இருமுறை படித்தார். பிறகு மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, “இது புரிகிறது சார்” என்று சொல்லி எழுந்தார்.