முப்பது நாள் விருந்தாளி

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம்மிடம் காலங்காலமாக இருக்கும் வழக்கம். என் ஒரே மகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மகள் வர முடியாவிட்டால் என்ன, தாய் போகலாமே என்று நான் கிளம்பினேன். போனேன், வந்தேன், மறுபடி போனேன். மூன்றாம் தடவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் பெண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கும் சகோதரிகள் யாருக்காவது பயன்படட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மிளகு, காப்பி, நாலு பலாமரம், இதுதான் ஜீவனம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் எங்கள் ஊர். மாப்பிள்ளைக்குக் கோலாலம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

2024 ஜூனில் மகளுக்கு ஆறாம் மாசம். நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது, விமானத்தில் போகக்கூடாது, படுத்தே இருக்கணும் என்று அங்குள்ள டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் ஃபோனில் அழுதபோது, எனக்கு அடுப்பில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

விசா வேண்டாம் என்றார்கள்

அப்போதுதான் அந்த நல்ல சேதி கிடைத்தது. இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவுக்குப் போய் 30 நாள் தங்கலாம் என்று 2023 டிசம்பர் 1 முதல் அனுமதித்திருந்தார்கள். (பிறகு இதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள்.) பாஸ்போர்ட்டும் திரும்பி வரும் டிக்கெட்டும் இருந்தால் போதும். இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் வருகைப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பிவிட வேண்டும், அதற்குக் காசு கிடையாது. திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் கோலாலம்பூர்.

"முப்பது நாள் முடிஞ்சா திரும்பி வாங்க. பத்து நாள் கழிச்சு மறுபடி போங்க. எத்தனை தடவை வேணும்னாலும் போலாமுங்க" என்றார் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும், "பாஸ்போர்ட்ல முத்திரை ஏறிக்கிட்டே போகுமே, யாரும் கேக்க மாட்டாங்களா?" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

ஜூனில் போய் 29 நாள் இருந்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்து, கால் பிடித்துவிட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்து, அவள் முகத்தில் களை வந்த நேரத்தில் பெட்டியைக் கட்ட வேண்டியதாயிற்று. ஜூலை நடுவில் மறுபடி போனேன். ஆடி 18க்கு இங்கே வல்வில் ஓரி விழா நடந்தபோது நான் அங்கே பதினோராம் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் பிறந்து சில நாளில் திரும்பினேன்.

அந்த மாதக் கடைசியில் மூன்றாம் பயணம். பிரசவத்துக்கு வேண்டிய சுக்கு, மிளகுப் பொடி, பூண்டு லேகியம், குழந்தைக்குப் பழைய வேட்டியில் கிழித்த துணி எல்லாம் பெட்டியில்.

வாசலில் நின்றேன்

அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். பிறகு என்னைத் தனியாக ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் வந்து, "அம்மா, எதுக்கு வந்திருக்கீங்க? எத்தனை நாள் இருப்பீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். "மகளுக்குப் பிரசவம் தம்பி. குழந்தைக்கு ஆறு மாசம் ஆற வரைக்கும் கூட இருந்துதானே ஆகணும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கையில் இருக்கும் டிக்கெட் 28 நாளுக்கு, வாய் சொல்வது ஆறு மாசம். ஜூனிலிருந்து பெரும்பாலான நாள் அங்கேயே இருந்திருக்கிறேன் என்று முத்திரைகளும் சொல்கின்றன. "விருந்தாளியா வர்றவங்களுக்குத்தான் அம்மா இந்த அனுமதி. கூடவே தங்கறதுக்கு வேற அனுமதி இருக்கு, அதை வாங்கிட்டு வாங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது சரிதான். தப்பு, ஒரு வார்த்தை முன்கூட்டியே விசாரிக்காத எங்கள் பேரில்தான்.

நாலு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை காத்திருக்கிறார் என்று தெரியும். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த விமானத்தில் திருச்சிக்குத் திரும்பினேன். பதினாறாம் நாள் ஆபரேஷன் செய்து பேத்தி பிறந்தாள். சோளக்காட்டுச் சந்தையில் நின்றுகொண்டு ஃபோனில் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் தாய் எப்போது வேண்டுமோ, அப்போது நான் இல்லை.

கைகொடுத்தது சம்பந்தியம்மாதான். ராசிபுரத்துக்காரர். அவர் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. உடனே போய் 28 நாள் இருந்து பத்தியச் சமையல் செய்து பார்த்துக்கொண்டார். போவதற்கு முன் அவர் சொன்ன ஒரு விஷயம் மனசில் நின்றுவிட்டது. அவருடைய அப்பா மலேசியத் தோட்டத்தில் வருஷக்கணக்கில் பால்மரம் வெட்டியவராம். குடியுரிமைக் காகிதம் வாங்காமலே இருந்திருக்கிறார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும் என்று ஆனபோது, பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். அவரும் அதில் ஒருவர். "இத்தனை நாள் யாரும் கேக்கலையேன்னு இருந்துட்டார். கேக்கற நாள் வந்துருச்சு" என்றார் சம்பந்தியம்மா.

நீண்ட நாள் அனுமதி

அங்கே குடிநுழைவுத் துறை என்று ஒன்று இருக்கிறது. முறையான வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு உத்தியோகஸ்தர்களின் மனைவி மக்களுக்குச் சார்ந்தோர் அனுமதி உண்டு. பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும் நீண்டகாலச் சமூக வருகை அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு. ஆனால் எல்லா வேலை அனுமதிக்கும் இந்தச் சலுகை இல்லை. சம்பளத்தையும் வேலையின் வகையையும் பொறுத்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. மாப்பிள்ளைக்குத் தகுதி இருந்தது. அவர் கம்பெனி மூலமாக விண்ணப்பம் போட்டோம்.

தாமதமானது என்னால்தான். உறவை நிரூபிக்க மகளுடைய பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் என் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயர், பாஸ்போர்ட்டில் பள்ளிக்கூடத்துப் பெயர். அதைச் சரிசெய்ய எத்தனை தடவை மலை இறங்கி ஏறினேன் என்று கணக்கில்லை. தமிழில் இருந்த காகிதங்களை மொழிபெயர்த்துச் சான்று வாங்க வேண்டியிருந்தது. கல்யாணப் பதிவுச் சான்றிதழும் கேட்டார்கள். எல்லாம் முடிய நாலு மாசத்துக்கு மேல் ஆயிற்று.

2025 பிப்ரவரியில் போய் இறங்கினேன். ஃபோனில் என்னைப் பார்த்துச் சிரிக்கும் பேத்தி, நேரில் பார்த்ததும் வீரிட்டு அழுதாள். ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் வந்தாள். ஆனால் ஒரு நிம்மதி. நாளை எண்ணாமல் சோறு ஊட்டினேன்.

எது யாருக்கு?

விசா இல்லாத நுழைவைக் குறை சொல்லவில்லை. சீமந்தம், காதுகுத்து, பேரன் பேத்தியைப் பார்த்துவர என்றால் அதுவே சௌகரியம், செலவும் இல்லை. ஆனால் அதையே திரும்பத் திரும்ப வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது. எனக்கு மூன்று டிக்கெட்டில் அந்த வருஷத்து மிளகுப் பணத்தில் பாதி போயிற்று. மலேசியா மட்டும் இல்லை, பிரிட்டனிலும் அடிக்கடி வந்துபோய் அங்கேயே வாழ்வதுபோல் இருக்கக்கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது.

என் அனுபவத்தில் சொல்லத் தோன்றுவது:

* மகளுக்கு நாம் எத்தனை நாள் தேவை என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு மாசத்துக்குள் என்றால் விசா இல்லாத நுழைவு. மூன்று மாசம், ஆறு மாசம் என்றால் நீண்ட நாள் அனுமதி. நாள் தள்ளியிருக்கிறது என்று தெரிந்த மாசமே மாப்பிள்ளையின் கம்பெனியில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

* அனுமதி கிடைக்காது என்றால், தாயும் மாமியாரும் ஆளுக்கு ஒரு மாசம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதலிலேயே இப்படிச் செய்திருந்தால், பிரசவ நேரத்துக்கு என் முறையை வைத்திருக்கலாம்.

* உங்கள் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

* ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்காதீர்கள். மலேசியச் சட்டப்படி அதற்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ, 5 வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

* விருந்தாளி அனுமதியில் போய்ச் சம்பாதிக்கக்கூடாது. பக்கத்து வீட்டார் முறுக்கு சுட்டுக் கொடுங்கள், காசு தருகிறோம் என்றபோது நான் மறுத்துவிட்டேன்.

* ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். அங்கே வெளிநாட்டாருக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் கட்டணம் ஜாஸ்தி. பயண இன்ஷ்யூரன்ஸ் அவசியம்.

* பச்சைக் கிழங்கு, செடி, பழம் கொண்டுபோக வேண்டாம். நம் முடவாட்டுக்காலை நம் மலையிலேயே சூப் வைத்துச் சாப்பிடலாம்.

போன மாசம் மகள் ஃபோனில், "அம்மா, அடுத்ததுக்கு நீ எப்ப வருவே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "சேதி உறுதின்னா முதல்ல மாப்பிள்ளையை ஆபீஸ்ல காகிதத்தைக் கேக்கச் சொல்லு கண்ணு, அப்புறம் டாக்டர்கிட்ட போலாம்" என்றேன். நான் சிரிக்கவில்லை.