மகளின் நோன்பும் மறைந்திருக்கும் நோயும்



உங்கள் வீட்டில் இருபத்திரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். படித்தவள், அடக்கமானவள். ரமழான் முடிந்த கையோடு ஷவ்வாலின் ஆறு நோன்புகளையும் பிடித்தாள். பின்னர் திங்களும் வியாழனும் பிடித்தாள். பின்னர் வேறு நாட்களும் சேர்ந்துகொண்டன. உங்கள் உள்ளம் குளிர்ந்துபோனது. அடுத்த வீட்டு ராத்தாவிடம் பெருமையாகவும் சொன்னீர்கள். எந்தத் தாய்தான் சொல்ல மாட்டாள்?

ஆனால் நோன்பு திறக்கும் நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கஞ்சி காய்ச்சியவள் அவள். ரோல்ஸ் சுற்றியவளும் கட்லட் பொரித்தவளும் அவளே. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், அதோடு தொழப் போய்விடுகிறாள். வெகு நேரம் கழித்து வந்து, "நான் சாப்பிட்டாச்சு உம்மா" என்கிறாள். எப்போது சாப்பிட்டாள், யார் பார்த்தார்கள்?

இன்னுமொன்றும் உண்டு. இது பெண்களாகிய நமக்குத்தான் புலப்படும். போன ரமழானில் அவள் ஒரு நோன்பைக்கூட விடவில்லை. கழாச் செய்ய ஒரு நாளும் மிஞ்சவில்லை. வாப்பா அதைக் கேட்டு "மாஷா அல்லாஹ்" என்றார். மாதவிடாய் ஒரு தடவை தள்ளிப் போவது வழமைதான். ஆனால் தொடர்ந்து மூன்று மாதங்களாக வரவில்லை என்றால் அது பெருமைப்படும் விடயமல்ல. அது உடல் காட்டும் அபாய விளக்கு.

நபிலான நோன்பு பிடிக்கும் பிள்ளைகளையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் சொல்லவில்லை. வித்தியாசம் மஃரிபில் தெரியும். நன்மையை நாடி நோன்பு பிடித்தவள் மஃரிபுக்கு மகிழ்ச்சியோடு உண்பாள். இந்த நோய் உள்ளவளுக்குப் பயம் தொடங்குவதே மஃரிபில்தான். பகலில் உண்ணாதிருக்க அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அது இல்லை.

இந்த நோய்க்கு வைத்தியர்கள் சொல்லும் பெயர் அனோரெக்சியா நேர்வோசா. உடல் பருத்துவிடும் என்ற அச்சத்தால் உணவைக் குறைத்துக்கொண்டே போவார்கள். எலும்பு தெரிந்தாலும் தான் பருமனாகத்தான் இருக்கிறேன் என்று நம்புவார்கள். புலிமியா என்ற இன்னொரு வகையும் உண்டு. அதில் ஒரே மூச்சில் நிறையத் தின்றுவிட்டுப் பின்னர் அதை வாந்தியாக வெளியேற்றுவார்கள். இவர்களின் நிறை சாதாரணமாகவே இருக்கலாம். சாப்பிட்ட உடனே குளியலறைக்குப் போவது, குழாயைத் திறந்தபடி விடுவது, கன்னத்தின் ஓரம் வீங்குவது, விரல் மொளியில் தழும்பு, பல் கூச்சம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இவை வரும். 'ஜிம்முக்குப் போகிறான்' என்று நாம் விட்டுவிடுவோம்.

நம் சமூகத்தில் கண்டுபிடிப்பது தாமதமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அபாயா உடலை மறைக்கிறது. மெலிவையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. பிள்ளை எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்பது பெற்ற தாய்க்கே தெரிவதில்லை. தெரிந்தவர்களோ, "அழகா மெலிஞ்சிருக்கிறா, இனி சம்பந்தம் பார்க்கலாமே" என்கிறார்கள். கலியாணம் இதற்கு மருந்தல்ல சகோதரிகளே. நோயோடு மணமுடித்துப் போனவள் அந்த வீட்டில் அதை இன்னும் ஆழமாக மறைக்கத்தான் பழகுவாள்.

"முன்பெல்லாம் சிரித்துப் பேசுவாள். இப்போது எதற்கெடுத்தாலும் பதறுகிறாள், அழுகிறாள், யாரோடும் சேர மாட்டேன் என்கிறாள்" என்று தாய்மார் சொல்வதுண்டு. பதகளிப்பு என்று வைத்தியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். பல பிள்ளைகளுக்குப் பதகளிப்பு முதலில் வந்து, உணவுக் கோளாறு அதன் பின்னால் வருகிறது. ஆனால் பட்டினியே பதகளிப்பை வளர்க்கும் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1944 - 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை, அவர்களது சம்மதத்துடன், ஆறு மாதங்கள் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் தம் நிறையில் ஏறக்குறைய கால்வாசியை இழந்தார்கள். உள்ளத்தில் நடந்ததுதான் இங்கு நமக்கு முக்கியம். அவர்கள் சோர்ந்து எரிச்சலுற்றார்கள், பயந்தார்கள், தனிமையை நாடினார்கள். எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள்! கட்லட் பொரித்துப் பரிமாறிவிட்டு ஒன்றையும் தொடாத உங்கள் மகள் நடிக்கவில்லை. பட்டினி மூளையை அப்படித்தான் ஆக்குகிறது.

ஆகவே "ஈமான் இருந்தால் இந்தப் பயம் வருமா?" என்று கேட்டுவிடாதீர்கள். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் (கி.பி. 934இல்) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதியவர். உடல் நோயுறுவது போல உள்ளமும் நோயுறும் என்று கூறி பயம், துக்கம், கோபம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தவர். நாமோ ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் 'பேய் பார்த்திருக்கு' என்று தண்ணீர் ஓதக் கொண்டு ஓடுகிறோம். துஆச் செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். கிளினிக் நாளைத் தவறவிடாமல் செய்யுங்கள்.

அவள் வயது வந்தவள் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். ஏழு வயதுப் பிள்ளை என்றால் மடியில் வைத்து ஊட்டலாம். இவளை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போக முடியாது. நெருக்கினால் பொய் சொல்வாள். உணவு நேரமல்லாத, இருவரும் தனித்திருக்கும் ஓர் அமைதியான வேளையைத் தேர்ந்தெடுங்கள். நிறையைப் பற்றிப் பேசாமல் நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "மகள், மூணு மாசமா உங்களுக்குக் குளிப்பு வரல்ல. படி ஏறினா தலை சுத்துது எண்டு சொன்னீங்க. எனக்குப் பயமா இருக்கு. ஒருக்கா இரத்தம் பார்ப்போம், நானும் வாறேன்." மறுத்தால் சண்டை பிடிக்காமல் ஒரு வாரம் கழித்து மறுபடியும் சொல்லுங்கள். மனநல கிளினிக்குக்கு வர மாட்டேன் என்பவள் குடும்ப வைத்தியரிடம் வருவாள். அங்கிருந்து தொடங்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநல கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். அவளது அனுமதியின்றி வைத்தியர் உங்களுக்கு விபரம் சொல்லாதிருக்கலாம். அதற்காக அவரைக் கோபிக்காதீர்கள். நீங்கள் வீட்டில் கண்டதை அவருக்குச் சொல்வதற்குத் தடை ஏதுமில்லை.

சில நிலைமைகளில் அவளது சம்மதம் கனியும்வரை காத்திருக்கலாகாது. மயங்கி விழுதல், நெஞ்சு படபடத்தல் அல்லது நாடி மிக மெதுவாக அடித்தல், குந்தியிருந்து எழ முடியாமை, வாந்தியில் இரத்தம், வாழ விருப்பமில்லை என்ற பேச்சு - இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். தொடர்ந்து வாந்தியெடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். பேசி ஆலோசனை கேட்க 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை இருக்கிறது.

நெடுநாள் பட்டினி கிடந்தவளுக்கு ஒரே நாளில் நெய்ச்சோறும் இறைச்சியுமாகத் திணிப்பது ஆபத்தானது. திடீரென உணவு சேரும்போது இரத்தத்திலுள்ள பொஸ்பேற் போன்ற உப்புகள் சடுதியாகக் குறைந்து உயிருக்கே உலை வைக்கலாம். எவ்வளவில் தொடங்குவது என்று வைத்தியர் சொல்லட்டும்.

சிகிச்சை தொடங்கிவிட்டால் உங்கள் இடம் அவளது பக்கத்து நாற்காலி. பொலிஸ் வேலை வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். குறித்த நேரத்தில், வைத்தியரோ போசணையாளரோ சொன்ன அளவை வைத்துவிட்டு, உணவைப் பற்றியல்லாத பேச்சைப் பேசுங்கள். அவள் அழலாம், தட்டைத் தள்ளலாம். குரலை உயர்த்தாமல் உட்கார்ந்திருங்கள். சாப்பிட்ட பின் ஒரு மணித்தியாலமாவது கூடவே இருங்கள். பதற்றம் உச்சத்துக்கு ஏறுவது அப்போதுதான்.

"உம்மா, இதுக்கு எவ்வளவு எண்ணெய் போட்டீங்க?" என்று அவள் கேட்பாள். சொல்வீர்கள். சற்று நேரத்தில் திரும்பவும் கேட்பாள். பத்துத் தடவை பதில் சொன்னால் பத்துத் தடவை ஆறுதல், பதினோராவது தடவை இன்னும் பெரிய பயம். பதகளிப்பின் குணமே அது. வீட்டில் எல்லோருக்கும் எண்ணெயில்லாமல் சமைப்பதும் அவள் சொன்ன கடையில்தான் வாங்குவதும் அன்பாகத் தோன்றலாம். அதனால் பயத்துக்குத்தான் பலம் கூடுகிறது. "நீங்க பயப்படுறது எனக்கு விளங்குது மகள். எண்ணெய்க் கணக்கு மட்டும் சொல்ல மாட்டேன், டொக்டரோட பேசினபடி. வாங்க, சாப்பிடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் கதவு அறைந்து சாத்தப்படும். அதற்காக மறுநாள் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். குணமாகி வரும்போது "முகம் தெளிஞ்சிருக்கு" என்று சொல்ல நாக்குத் துடிக்கும். அதையும் அடக்கிக்கொள்ளுங்கள். அவள் காதில் அது 'பருத்துவிட்டாய்' என்றே விழும்.

இனி ரமழான். நோயாளி நோன்பை வேறு நாட்களுக்குப் பிற்போடலாம் என்ற சலுகையை அல்குர்ஆனே தருகிறது (2:185). இதுவும் நோய்தான். ஆனால் இவள் அந்தச் சலுகையை ஏற்க மாட்டாள், குற்ற உணர்ச்சி என்பாள். பேசுவது ஒரு பாதி அவளது ஈமான், மறு பாதி நோய். பிரித்தறிவது அவளுக்கும் கடினம், உங்களுக்கும் கடினம். எனவே பிறை கண்ட பிறகு தர்க்கிப்பதை விட்டு, ஷஃபானிலேயே வைத்தியரின் கருத்தைப் பெற்றுக்கொண்டு விடயம் விளங்கிய ஓர் ஆலிமிடம் அவளையே கேட்க வையுங்கள். கழாவா, பித்யாவா என்பதையும் அவரே சொல்லட்டும். அந்தத் தீர்ப்பு உம்மாவின் வாயிலிருந்து வராமல் இருப்பதே நல்லது.

அந்த மாதத்தின் பகல் உணவை ஒளித்துச் சாப்பிட வைக்காதீர்கள். ஏற்கனவே ஒளித்துப் பழகியவள் அவள். நீங்கள் நோன்பாளியாக இருந்தாலும் பக்கத்தில் உட்காருங்கள். தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், "ராத்தாக்கு மருந்து மாதிரி இது, கேலி பண்ணப்படாது" என்று. நோன்பு பிடிக்காதவளுக்கும் தராவீஹ் உண்டு, ஓதல் உண்டு, ஸதக்கா உண்டு. இப்தார் பலகாரம் பொரிக்கும் பொறுப்பை மட்டும் இந்த வருடம் வேறு யாருக்காவது கொடுங்கள்.

பெருநாளன்று இரண்டு வீடுகள் போதும். எந்த வீடு, எவ்வளவு நேரம் என்பதை முதல் நாளே அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். வட்டிலப்பத்தை நீட்டிக்கொண்டு "என்ன மகள், இப்படிக் காஞ்சு போய்ட்டீங்க" என்று மாமி தொடங்கினால், பேச்சை மாற்றுவது உங்கள் வேலை. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காரும்போது யார் எவ்வளவு உண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கையை அளைந்துகொண்டிருந்தாலே போதும், அவள் ஒரு பருக்கையும் உண்ணாமல் எழும்பிவிடலாம். அவளுக்கு ஒரு தனித் தட்டுக் கேளுங்கள். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்தான். அதனால் கேட்பது அவளாக இருக்க வேண்டாம், நீங்கள் கேளுங்கள்.