எழுத்தைத் தேதியாக மாற்றுதல்: அடையாள அட்டை எண்ணில் ஒரு பயிற்சி

ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் மைகார்ட்டைக் கையில் எடுங்க. அதிலுள்ள 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஈரிரண்டு இலக்கமாக இருக்கும். தாத்தா ஒருவரின் அட்டையில் 550812 என்றிருந்தால், அவர் பிறந்தது 12 ஆகஸ்டு 1955. நமக்கு இது பார்த்ததுமே புரியும். கணினிக்கோ இது வெறும் எழுத்துச்சரம்தான். தேதி என்று நாம்தான் சொல்லித் தரணும்.

பாலிக் புலாவ் டுரியான் தோட்டக்காரர்கள் நால்வரின் சராசரி வயதை 'ஆர்' மென்பொருளில் கண்டுபிடிப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: அடையாள அட்டை எண் இருக்கும் பத்தியை எழுத்தாகவே படிக்க வையுங்கள். எண்ணாகப் படித்தால் 080315 போன்றவற்றின் முதல் 0 காணாமல் போய்விடும்.

படி 2: 'சப்ஸ்டர்' கட்டளையால் முதல் ஆறு இலக்கங்களை மட்டும் பிரித்தெடுங்கள். மீதி ஆறும் வயதுக் கணக்குக்குத் தேவையில்லை. அவற்றை அழித்துவிட்டால் பிறருடைய தனிவிவரமும் காக்கப்படும்.

படி 3: 'ஆஸ்.டேட்' கட்டளையில் அமைப்பைக் குறிப்பிடுங்கள். ஒய், எம், டி மூன்றும் சிறிய எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் முன் % குறியோடு வர வேண்டும். பெரிய ஒய் போட்டால் அது நான்கிலக்க ஆண்டு. பெரிய எம் நிமிடத்தைக் குறிக்கும். கவனம்!

படி 4: நூற்றாண்டைச் சரிபாருங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். 'ஆர்' 69 முதல் 99 வரை 19-ஐயும், 00 முதல் 68 வரை 20-ஐயும் முன்னால் சேர்க்கும். ஆக, நம்ம தாத்தா 2055-இல் பிறக்கப் போகிறார்!

நால்வரும் பிறந்த ஆண்டுகள் 1955, 1961, 1979, 1985 எனில், 2025 முடிவில் வயது 70, 64, 46, 40; சராசரி 55. கணினி தரும் ஆண்டுகளை அப்படியே வைத்தாலோ -30, -36, 46, 40, சராசரி 5. பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தப்பு.

திருத்துவது எளிது. இன்றைய தேதியைத் தாண்டிய ஆண்டிலிருந்து 100-ஐக் கழியுங்கள். ஆனால் 12 என்பது 1912-ஆ, 2012-ஆ என்று இந்த விதி சொல்லாது. தரவு யாருடையது என்று பார்த்து நீங்கள்தான் முடிவு செய்யணும்.

மாணவர்களே, சராசரி காணும் முன் மிகச் சிறிய தேதியையும் மிகப் பெரிய தேதியையும் 'ரேஞ்ச்' கட்டளையில் பார்த்துவிடுங்கள். ஒரு வரிதான்; முழு விடையையும் காப்பாற்றும்.