கோக்கனி தேடி ஒரு மலையேரிப் பயணம்



கடல் கடந்து வாழும் மகனையோ மகளையோ காணச் செல்லும் பெற்றோர் இன்று நம் ஊர்களில் ஏராளம். அமெரிக்காவின் மேற்குக் கரையான கலிபோர்னியாவில் பிள்ளைகளைக் குடியமர்த்திய குடும்பங்களும் பல. அங்கே சென்று சில நாள்கள் ஆனதும், "வாப்பா, இந்த வார விடுமுறையில் மலைக்குப் போய் மீன் பிடித்து வருவோமா?" என்று மகன் கேட்கலாம். பேரப்பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். உம்மாவுக்கோ, மீன் கிடைக்குமா என்பதைவிடப் பிள்ளைகள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்ற கவலைதான் முதலில் வரும்.

அந்த இரு மனங்களுக்கும் பயன்படும் வகையில், டாஹோ என்னும் மலையேரியில் கோக்கனி மீன் பிடிக்கச் செல்லும் பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதை இங்கே காண்போம்.

ஏரியும் மீனும்

சியரா நெவாடா மலைத்தொடரில், கலிபோர்னியா, நெவாடா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்துள்ளது டாஹோ ஏரி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். நீளம் 35 கிலோமீட்டர். ஆழமோ சில இடங்களில் 500 மீட்டர்! இவ்வளவு ஆழம் இருப்பதால் கடுங்குளிர்காலத்திலும் இந்த ஏரி முழுமையாக உறைந்துபோவதில்லை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து காரில் புறப்பட்டால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் ஏரிக்கரையை அடைந்துவிடலாம்.

கோக்கனி என்பது சால்மன் இனத்தைச் சேர்ந்த மீன். சாக்கை சால்மன் என்னும் மீன் ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கே திரும்பும். அதே இனத்தில், கடலையே காணாமல் வாழ்நாள் முழுவதையும் நன்னீர் ஏரியிலேயே கழிக்கும் பிரிவுதான் கோக்கனி. அம்மண்ணின் பூர்வகுடிகளான சாலிஷ் மக்களின் மொழியிலிருந்து வந்த இப்பெயருக்குச் 'சிவப்பு மீன்' என்று பொருள் கூறுவர். ஏரியில் இருக்கும்போது இது வெள்ளிபோல் மின்னும். மூன்று அல்லது நான்கு வயதாகி, இலையுதிர் காலத்தில் முட்டையிட ஓடைகளுக்குள் ஏறும்போதுதான் உடல் செக்கச் சிவந்துவிடுகிறது. ஆண் மீனின் முதுகு கூன் விழுந்து, தாடை கொக்கிபோல் வளைகிறது. முட்டையிட்டு முடிந்ததும் அதன் ஆயுளும் முடிகிறது.

இந்த மீன் டாஹோ ஏரிக்குச் சொந்தமானதன்று. 1944ஆம் ஆண்டில் ஏரியின் வடகரையில் பணியாற்றிய உயிரியலாளர்களால் வந்து சேர்ந்த விருந்தாளி இது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

எப்போது செல்வது?

ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரை உள்ள காலமே ஏற்றது. கோடை வெயிலில் மேல்நீர் சூடேறும்போது, 10 முதல் 12 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியை விரும்பும் கோக்கனி, கூட்டம் கூட்டமாக அந்தக் குளிர்ந்த அடுக்குக்கு இறங்கிவிடும். கோடை முதிர முதிர அவை இருக்கும் ஆழமும் கூடிக்கொண்டே போகும். எனவே கரையில் அமர்ந்து தூண்டில் வீசிக் காத்திருப்பவருக்கு இந்த மீன் அரிதாகவே அகப்படும். படகு வேண்டும், அதுவும் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும்.

விடியற்காலைக்கு இரு காரணங்கள் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் மீன்கள் தயக்கமின்றித் தூண்டிலைக் கவ்வுகின்றன என்பது ஒன்று. பிற்பகலில் மலைக்காற்று எழும்பி ஏரி அலைமோதத் தொடங்கிவிடும் என்பது மற்றொன்று. குடும்பத்தோடு செல்வோர் நண்பகலுக்கு முன்பே கரை திரும்பிவிடுமாறு நேரத்தை வகுத்துக்கொள்வது நலம்.

உரிமமும் படகும்

கலிபோர்னியாவில் 16 வயது நிறைந்த எவரும் மீன்பிடி உரிமம் இன்றித் தூண்டில் போடக் கூடாது. ஒருநாள் உரிமமும் உண்டு. ஆண்டு உரிமமும் உண்டு. 2023 முதல் ஆண்டு உரிமம், வாங்கிய நாளிலிருந்து 365 நாள்களுக்குச் செல்லுபடியாகிறது. ஒருவர் ஒரு நாளில் எத்தனை மீன் எடுக்கலாம், எந்த ஓடையில் எந்த மாதத்தில் பிடிக்கத் தடை என்பன மாறக்கூடிய விதிகள். ஆகவே உரிமம் வாங்கும்போதே அவ்வாண்டு விதிகளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதன்முறை செல்வோர் சொந்தப் படகுக்கோ வாடகைப் படகுக்கோ ஆசைப்படாமல், வழிகாட்டியுடன் கூடிய மீன்பிடிப் படகில் இடம் பதிவு செய்துகொள்வதே அறிவுடைமை. தூண்டில், இரை, கருவிகள் யாவற்றையும் அவர்களே தருவர். மீன் கூட்டம் எங்கே எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். முன்பதிவு செய்யும்போதே, சிறுவர்களின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கிகள் படகில் உண்டா என்று கேட்க மறவாதீர்கள்.

தூண்டிலின் நுட்பம்

கோக்கனி பெரிய மீன்களை வேட்டையாடுவதில்லை. நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பதே அதன் இயல்பு. அப்படியானால் தூண்டிலில் எப்படி விழுகிறது? பசியைவிடச் சினமும் ஆவலுமே அதனை இழுத்து வருகின்றன என்பர் அனுபவசாலிகள்.

படகை நடக்கும் வேகத்திற்கும் குறைவாக மெல்லச் செலுத்துவர். கனமான உலோகக் குண்டு ஒன்றைக் கம்பியில் கட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்குவர். தூண்டிற்கயிறு அந்தக் குண்டோடு இலேசாகப் பிணைக்கப்பட்டிருக்கும். மீன் கவ்வியதும் கழன்றுகொள்ளும். கயிற்றின் நுனிக்குச் சற்று முன்னால் பளபளக்கும் தகடு ஒன்று தள்ளாடித் தள்ளாடி ஒளியைச் சிதறும். அதன் பின்னால் இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறச் சிறு கவர்ச்சிப்பொருள். அதன் முள்ளில் ஒரு வெள்ளைச் சோளமணி. இவ்வளவுதான் ஏற்பாடு.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோக்கனியின் வாய் மிகவும் மென்மையானது. மீன் கடித்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் தூண்டிற்கோலை வெடுக்கென்று இழுத்தால் வாய் கிழிந்து மீன் தப்பிவிடும். பொறுமையாக, ஒரே சீராகச் சுருட்டி, படகருகே வந்ததும் கைவலையால் ஏந்த வேண்டும். அவசரக்காரருக்குக் கோக்கனி அகப்படாது!

பிடித்த மீனை உடனே செவுளறுத்து இரத்தத்தை வடியவிட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். சதை மென்மையானது என்பதால், வெயிலில் சிறிது நேரம் கிடந்தாலும் குழைந்துவிடும். முறையாகப் பேணினால், செந்நிறச் சதையோடு கூடிய இந்த மீன் சுவையில் எந்தக் கடல் மீனுக்கும் குறைந்ததன்று. ஏரியைச் சுற்றியுள்ள காடுகளில் கருங்கரடிகள் உலவுகின்றன; ஆகவே மீனையோ உணவையோ காருக்குள் இரவில் விட்டுவைக்கக் கூடாது.

நீரின் குளிர்ச்சி

அழகில் மயங்கி ஆபத்தை மறப்பது மனித இயல்பு. 2025 ஜூன் 21 அன்று இதே டாஹோ ஏரியில் பிற்பகலில் திடீரென்று புயல் எழுந்தது. பத்துப் பேருடன் சென்ற ஒரு படகு கவிழ்ந்து, எட்டுப் பேர் உயிரிழந்தனர். அது சிறு தோணியுமன்று. எஞ்சின் பொருத்திய பெரிய படகே.

மலையேரியில் விழுந்தவரை முதலில் தாக்குவது ஆழம் அன்று, குளிர்தான். குளிர்நீர் உடலைத் தொட்டதும் மூச்சு தானாகவே திணறும். அந்தத் திணறலில் வாய்க்குள் நீர் புகுந்துவிட்டால், நன்கு நீந்தத் தெரிந்தவரும் மூழ்கக்கூடும். சில நிமிடங்களில் கைகால்கள் மரத்துப்போகும்; அதன் பிறகு அங்கியை அணிந்து முடிச்சிட விரல்கள் ஒத்துழைக்கமாட்டா. ஆகவேதான் உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது. உடலில் அணிந்திருக்க வேண்டும். ஓடும் சிறு படகுகளில் 13 வயதுக்குட்பட்டோர் இதனை அணிந்தே தீர வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். சட்டம் சிறுவருக்கு மட்டும்தான். தண்ணீருக்கோ சிறுவர் பெரியவர் என்ற பேதம் தெரியாது.

புறப்படும் முன் வானிலை அறிக்கையைப் பாருங்கள். காற்று வலுக்கும் என்றால், கட்டிய பணம் போனாலும் பயணத்தைக் கைவிடுங்கள். எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிச் செல்லுங்கள்.

நன்மை எண்ணிச் செய்த தீங்கு

சொந்தப் படகு கொண்டு செல்வோர் டாஹோவில் இறங்குமுன் படகைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். "இதென்ன வீண் தொல்லை!" என்று சலித்துக்கொள்வோர் உண்டு. அவர்கள் மொண்டானா மாநிலத்தில் உள்ள பிளாட்ஹெட் ஏரியின் கதையைக் கேட்க வேண்டும்.

அந்த ஏரியில் 1916இல் கோக்கனி விடப்பட்டது. அது பெருகிச் செழித்தது. இலையுதிர் காலத்தில் முட்டையிட வரும் மீன்களுக்காக, பனியாற்றுத் தேசியப் பூங்காவின் மெக்டொனால்டு ஓடையில் வெண்தலைக் கழுகுகள் கூடும்; 1981இல் 639 கழுகுகள் எண்ணப்பட்டன. மீன்களுக்கு இன்னும் நல்ல தீனி கொடுப்போம் என்ற நல்லெண்ணத்தில், மைசிஸ் என்னும் சிற்றிறாலை அந்நீர்ப்பரப்பின் மேற்பகுதி ஏரிகளில் அதிகாரிகள் விட்டிருந்தனர். கனடாவின் கூட்டனே ஏரியில் அவ்வாறு செய்ததால் ஒரு பகுதியில் கோக்கனிகள் கொழுத்து வளர்ந்தனவே என்பது அவர்களது கணக்கு. ஆனால் கூட்டனேயில் நீரோட்டம் இறால்களை மேலே அள்ளி வந்து மீன்களுக்கு ஊட்டியது. பிளாட்ஹெட்டிலோ, இறால்கள் பகலில் ஆழத்தில் பதுங்கி, இரவில் மேலெழுந்து, கோக்கனி உண்ணவேண்டிய நுண்ணுயிர்களைத் தாமே தின்று தீர்த்தன. அதே இறால்களைத் தின்று ஏரி டிரவுட் என்னும் வேட்டை மீன்கள் பெருகி, கோக்கனியையும் விழுங்கின.

விளைவு? மெக்டொனால்டு ஓடைக்கு 1985இல் வந்த கோக்கனிகள் ஒரு இலட்சத்துக்கும் மேல். 1987இல் வந்தவை சில நூறு மட்டுமே! 1989இல் அங்கே காணப்பட்ட கழுகுகள் 25.

டாஹோவும் தப்பவில்லை. 1963 முதல் 1965 வரை அங்கும் இந்த இறால் விடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அங்கிருந்த நீர்த்தெள்ளுகள் ஏறக்குறைய மறைந்துபோயின. மண்சரிவு, சாலைத் தூசு, பாசி போன்ற காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1968இல் சராசரியாக 31 மீட்டர் ஆழம் வரை தெளிவாகத் தெரிந்த ஏரி, அண்மை ஆண்டுகளில் 20 மீட்டர் அளவுக்கே தெரிகிறது. ஏரியின் ஒரு பகுதியான எமரால்டு விரிகுடாவில் 2011இல் இறால்கள் தாமாகவே மறைந்தபோது, நீர்த்தெள்ளுகள் திரும்பி வந்தன, நீரும் தெளிந்தது.

அறிவும் அக்கறையும் உடையவர்கள் எண்ணிச் செய்த செயலே இப்படியானால், படகின் அடியில் ஒட்டிய சிப்பியையும், வாளியில் மிஞ்சிய இரையையும் எண்ணாமல் கொண்டு சேர்ப்பது எத்தகைய தீங்கு! 2024 அக்டோபரில் பொன்னிறச் சிப்பி என்னும் புதிய உயிர் கலிபோர்னிய நீர்நிலையில் கண்டறியப்பட்ட பின்னர், சோதனைகள் மேலும் கடுமையாயின. படகு, காலணி, தூண்டில் யாவற்றையும் கழுவி, நீரை வடித்து, உலர்த்தி எடுத்துச் செல்வதே நம்மால் ஆகக்கூடிய எளிய கடமை.

தூண்டில் இன்றியும் காணலாம்

படகேற அஞ்சும் பெரியவர்களும் ஏமாற வேண்டியதில்லை. அக்டோபர் வாக்கில் சென்றால், ஏரியின் தென்கரையில் உள்ள டெய்லர் ஓடைக்குச் செல்லுங்கள். செந்நிறக் கோக்கனிகள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் காட்சியைக் கரையில் நின்றவாறே காணலாம். ஓடையின் உட்புறத்தைக் கண்ணாடி வழியே பார்க்கும் அறை ஒன்றையும் வனத்துறை அங்கே அமைத்துள்ளது. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள்.

தான் பிறந்த இடத்தைத் தேடி வந்து, அடுத்த தலைமுறையை மணலில் புதைத்துவிட்டு மடியும் அந்த மீன்களைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிடித்த மீன்களின் எண்ணிக்கையைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். அளவோடு எடுத்ததையும், காற்று எழும்பியதும் வாப்பா படகைத் திருப்பச் சொன்னதையும் மறக்கமாட்டார்கள். பனிக்கட்டிப் பெட்டி காலியாகவே திரும்பினாலும், சென்றவர் அனைவரும் நலமாக வீடு திரும்பினால், அதுவே வெற்றிப் பயணம்!