"பள்ளிக்கூடம் போக மாட்டேன்" என்று மகள் சொன்னால்...



தியாகதுருகம் பக்கத்தில் ஒரு குழுவின் வாரக் கூட்டம். எல்லோரும் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு உறுப்பினர் மட்டும் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "இந்த வாரம் கட்ட முடியலக்கா. டப்பாவுல வச்சிருந்த நூறு ரூபாயைக் காணோம். எடுத்தது எம் பொண்ணுதான். நல்லா அடிச்சிட்டேன்."

ஊக்குநர் கேட்டார்: "எதுக்கு எடுத்தான்னு கேட்டியா?"

"கேக்கலையேக்கா..."

அன்று ராத்திரி பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பெண்கள் ஒரு செட்டு. அதில் சேர வேண்டுமானால் முறை வைத்துத் தின்பண்டம் வாங்கித் தர வேண்டும். தராவிட்டால் யாரும் பேச மாட்டார்கள், மதியம் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார விட மாட்டார்கள். கிழிந்த பையைக் காட்டிச் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை திருடி ஆசையாய்த் தின்னவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பயந்துதான் எடுத்திருக்கிறது.

சண்டை வேறு, தொல்லை வேறு

பிள்ளைகள் சண்டை போடுவது சகஜம். இன்றைக்கு முறைத்துக்கொள்வார்கள், நாளைக்குத் தோளில் கை போட்டுக்கொண்டு போவார்கள். தொல்லை அப்படி இல்லை. பலர் சேர்ந்து ஒருத்தியைக் குறி வைப்பார்கள். அது தினமும் நடக்கும். அவளால் திருப்பிப் பேச முடியாது.

பையன்கள் என்றால் அடிதடி, சட்டை கிழியும், நமக்குத் தெரிந்துவிடும். பெண்பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். பட்டப்பெயர் வைப்பது, நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வது, பாவாடையில் மாதவிலக்குக் கறை பட்டால் சிரிப்பது, ஒரு பையன் பெயரோடு சேர்த்துச் சுவரில் எழுதுவது, போனில் படம் எடுத்து அனுப்புவது எல்லாம் இதில் வரும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் பேச்சைக் கிண்டல் செய்வதும் இதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

- காலையில் அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்பாள். லீவு நாளில் அந்த வலி இருக்காது.
- நோட்டு, பேனா, காசு அடிக்கடி தொலையும்.
- சாப்பாடு, தூக்கம் குறையும். தோழிகள் பெயரையே எடுக்க மாட்டாள்.
- படிப்பில் திடீரென்று மதிப்பெண் இறங்கும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒருநாள் "நான் போகல" என்று நின்றுவிடுவாள். வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவோம். 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022) அவளுக்குக் கிடைக்காமல் போகும். ஒரு செட்டின் கேலி ஒரு பெண்ணின் வாழ்க்கையையே திருப்பிவிடும்.

என்ன செய்யலாம்?

முதலில், அடிக்காமல் கேளுங்கள். "நீ என்ன பண்ணினே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நான் இருக்கேன், சொல்லும்மா" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தப் பெண் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடாதீர்கள். அது ஊர்ச் சண்டையாகும், சாதிச் சண்டையாகவும் மாறும். வகுப்பு ஆசிரியரையும் தலைமை ஆசிரியரையும் பாருங்கள். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, புகார் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சாதியைச் சொல்லி அவரைத் தொல்லை செய்ததால் அவர் ஏற்கெனவே பள்ளிக்குப் போகாமல் இருந்தார். பள்ளியில் புகார் சொன்ன பிறகுதான் அந்த வெட்டு நடந்தது. அதற்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கலர் கயிறு, மோதிரம், பொட்டு எதுவும் பள்ளியில் கூடாது என்று 2024-இல் பரிந்துரை செய்தது. புகார் சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் நமக்குப் பாடம். ஒரு மாதத்துக்கு வாரா வாரம் போய் விசாரியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே, 1997-இல், தமிழ்நாட்டில் ராகிங் தடுப்புச் சட்டம் வந்தது. கல்வி தரும் எந்த நிறுவனமும் விடுதியும் இதில் அடங்கும். வெட்கப்பட வைப்பது, பயமுறுத்துவது, கேலி செய்வதும்கூடக் குற்றம்தான். 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தால் உடனே விசாரிப்பது நிறுவனத் தலைவரின் கடமை. செய்தவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறார் நீதிச் சட்டம் பொருந்தும். அதன் நோக்கம் திருத்துவது.

நம் மகளே செட்டுத் தலைவியாக இருந்தால்?

இதையும் யோசிக்க வேண்டும். "எம் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். தண்ணீர்க் குழாயடியில் நாம் ஒருத்தியை ஒதுக்கிப் பேசினால் அதைப் பார்த்துத்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறாள். அடிக்காமல், ஆனால் கண்டிப்பாகப் பேசுங்கள். மன்னிப்புக் கேட்க வையுங்கள்.

குழுவாக நாம் செய்யக்கூடியது

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில் கட்டடம், கழிப்பறையோடு இதையும் பேசுங்கள். மாதத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் பிள்ளைகளின் பள்ளிக்கூட விஷயத்துக்கு ஒதுக்கலாம்.

இந்த எண்களை சுவரில் எழுதி வையுங்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கு 14416. "செத்துப்போறேன்" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டு என்று விடாதீர்கள். தனியாக விடாமல் உடனே கூப்பிடுங்கள்.

அந்த அம்மா என்ன செய்தார்? வகுப்பு ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் இருக்கையை மாற்றினார், அந்த ஐந்து பேரையும் கூப்பிட்டுப் பேசினார். போன வாரம் விசாரித்தோம். "செட்டு இன்னும் பேசறதில்லக்கா. ஆனா பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்து சாப்பிடுதாம். லீவு போடாம போறா" என்றார். அந்த வாரச் சந்தாவையும் சேர்த்துக் கட்டிவிட்டார்.

இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது உங்கள் மகளைக் கேளுங்கள்: "மதியம் யார்கூட உக்காந்து சாப்பிட்டே?"