கருப்பட்டிக் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

"சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டி சாப்பிடலாமா?" கூகுளில் இப்படித் தட்டினால், எந்த இணையதளத்துக்குள்ளும் போகாமலே ஒரு கட்டத்துக்குள் பதில் வந்து நிற்கும். அதன் கீழே, மற்றவர்கள் கேட்கும் கேள்விகள் என்று இன்னும் சில வரிசைகட்டும். தொட்டால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வரி விரியும். பலர் அதோடு தேடலை முடித்துக்கொள்கிறார்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக்கூட அந்த இரண்டு வரியை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இப்படி எடுத்துக்காட்டும் பதிலை எழுதியது கூகுள் அல்ல. எங்கோ ஒரு இணையதளத்தில் யாரோ எழுதிய பத்தியை, கேள்விக்குப் பொருந்துகிறது என்று ஒரு மென்பொருள் எடுத்து மேலே வைக்கிறது. அது உண்மையா என்று யாரும் உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை. 2021 ஜூன் மாதம், இந்தியாவின் மிக அசிங்கமான மொழி எது என்று ஆங்கிலத்தில் தேடியவர்களுக்கு அந்தக் கட்டத்தில் கன்னடத்தின் பெயர் வந்தது. யாரும் கேள்விப்படாத ஒரு இணையதளத்தின் வரி அது. கர்நாடகமே கொதித்தது, அந்த மாநில அமைச்சர் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றார், கூகுள் பதிலை நீக்கி மன்னிப்புக் கேட்டது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்கே இந்த நிலை என்றால், நம் ஊர் கருப்பட்டியைப் பற்றித் தப்பாக ஒரு வரி வந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்?

சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்துக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். தேரிக்காட்டுப் பனையில் காலையும் மாலையும் ஏறி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, காய்ச்சும் குடிசையான விடிலியில் பெண்கள் புகையில் நின்று பாகு பதம் வரும்வரை கிண்டி, சிரட்டையில் ஊற்றி ஆறவைத்து எடுப்பதுதான் கருப்பட்டி. அந்த உழைப்பின் விலைக்குச் சீனிப்பாகு கலந்த சரக்கு போட்டியாக நிற்கிறது. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரைத் தேடி வருகிறார்கள், நம் வியாபாரிகளும் இணையதளம் போடுகிறார்கள். அங்கேதான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள்.

"உங்கள் கடையைக் கேள்வி-பதில் கட்டத்தில் முதலாவதாக வரவைக்கிறோம், கியாரண்டி" என்று சொல்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த இடத்தைக் கூகுள் யாருக்கும் விற்பதில்லை. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. கடையின் பெயருக்குக் கீழே கேள்விகள் விரியும்படி செய்கிறோம், அதற்கென்று தனிக் குறிமுறை இருக்கிறது என்று விற்பவர்களும் உண்டு. 2023 ஆகஸ்டில் அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. கருப்பட்டிக் கடைக்கு அது கிடைக்காது. வேலை கொடுப்பதானால் என்ன செய்வார்கள், எத்தனை நாளில், எவ்வளவுக்கு என்று எழுதி வாங்குங்கள். தளத்தின் முகவரியை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். முகவர் பெயரில் இருந்தால், சண்டை வரும் நாளில் கடைப் பலகையே அவர் கையில் இருக்கும்.

ஏமாந்துவிட்டால் வழி இருக்கிறது. வணிகத்துக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது என்றாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவர் தானும் நுகர்வோர்தான் என்று வாதிட்டுப் பார்க்கலாம்; ஆனால் 2019-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு பொருள் வாங்கியவரைத்தான் குறிப்பிடுகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நம் கையாலேயே எழுதிக்கொள்வது. மேலே வரவேண்டும் என்ற ஆசையில் "கருப்பட்டி சர்க்கரை நோயைக் குணமாக்குமா? ஆம்" என்று எழுதிவிடுகிறார்கள். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், வெள்ளைச் சீனியில் இருப்பதும் அதுதான். அந்த வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். சட்டமும் சும்மா விடாது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'விளம்பரம்' என்று சொல்வதில் இணையதளமும் அடக்கம். தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு அதன் 53-வது பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. நோய் தீர்க்கும் என்று பொய் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோய் பெயர் சொல்லியே இருக்கிறது. எழுதிக் கொடுத்தது முகவர்தான் என்று சொல்லித் தப்பிக்க நினைக்க வேண்டாம். தளம் உங்கள் பெயரில் இருக்கிறது.

நேர்மையாக எழுதினாலும் கட்டத்தில் இடம் கிடைக்கலாம். வாங்க வருகிறவர் கடையில் நின்று என்ன கேட்கிறாரோ, அதே வார்த்தையில் கேள்வியை வையுங்கள்: "மழைக்காலத்தில் கருப்பட்டி ஏன் இளகுகிறது?" அடுத்த வரியிலேயே நேரடிப் பதில்: காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் இளகுகிறது; காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இளகாது. விளக்கத்தை அதற்குப் பிறகு எழுதலாம். சர்க்கரை நோயாளி கேள்விக்கும் ஒளிக்காமல் பதில் எழுதுங்கள்: இதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு வாடிக்கையாளர் போகலாம். போகட்டும்.

நீங்கள் எழுதிய பதிலை இன்னொருவர் அப்படியே திருடிப் போட்டால், அதை நீக்கக் கோரும் பதிப்புரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் பத்தியைக் கட்டத்தில் எடுத்து வைப்பதே வேண்டாம் என்றால் 'நோஸ்னிப்பெட்' என்ற குறியைப் பக்கத்தில் சேர்த்தால் போதும். வேறெங்கோ செய்த சரக்கை உடன்குடி என்று விற்பது புவிசார் குறியீட்டுச் சட்டப்படி குற்றம், 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. உண்மையான உற்பத்தியாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொண்டால்தான் இதில் உறுதியாக நிற்க முடியும். நம் ஆட்கள் அதிகம் அசட்டை செய்வது இதைத்தான்.

வாங்குபவருக்கும் ஒரு வலுவான உரிமை இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் கருப்பட்டியைச் சோதிக்கக் கொடுக்கலாம் என்கிறது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு. கலப்படம் என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தேடலில் கிடைத்த எண்ணில் பேசிப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு அந்த முதல் சில மணி நேரத்தில்தான்.

கட்டத்தில் தவறான பதிலைக் கண்டால் முதலில் தேதி தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். பிறகு அதன் கீழேயே கருத்துத் தெரிவிக்கும் இணைப்பு இருக்கும், அதில் தவறைக் குறிப்பிடுங்கள். உங்கள் பெயரையோ தொழிலையோ கெடுக்கும் அளவுக்குப் போனால் கூகுளின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை, 15 நாளுக்குள் முடிவு என்று வரையறுத்தன. அந்த முடிவு திருப்தி தரவில்லையென்றால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். மனுவை வீட்டிலிருந்தே இணையத்தில் போட்டுவிடலாம், வக்கீல் தேவையில்லை.